அக்காவின் வாய்

"குடலை உருவி மாலையாப் போட்டுக்கொண்டு போவன்! வாறன், கவனம்!"

பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் நின்று அக்கா இப்படித்தான் கத்துவார். கத்துவதற்கு முன் அழைப்புமணியை அழுத்துவார். கத்தியபிறகு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அதன்பிறகுதான் கழுத்தில் நைலோன் கயிற்றில் தொங்கும் திறப்புகளில் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறப்பார். உள்ளே மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வேலைக்குப் போன வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பூனை ஒன்று இருக்கும்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் நாங்கள் இருந்த கட்டடத்திலும் பக்கத்துத் தெருக்களிலும் பகலில் தனித்துக் கிடக்கும் நாய், பூனை, கிளிகளுக்குச் சாப்பாடு வைப்பதும், நாய்களை வெளியே கூட்டிப் போவதும்தான் அக்காவின் தொழில். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் இன்னும் எங்கேயோ இருக்கிறார். வாசித்துவிட்டு என் தோலை உரிக்க வந்துவிடுவாரோ என்ற பயம்.

அக்காவின் எதிர்வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் கிழமை அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே எவனோ ஒளித்திருக்கிறான், இன்றைக்கு இங்கே கொலை விழப்போகிறது என்றே நினைத்தேன். மனைவியிடம் சங்கிலியைப் போடச் சொன்னேன். தெருவில் பொலிஸ் வண்டி ஊதினால் எனக்காகத்தான் ஊதுகிறது என்று நினைக்கிற ஆள் நான். மனைவி சிரித்துவிட்டுக் கதவைத் திறந்து அக்காவைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள்.

"அக்கா, உள்ளை ஆள் இல்லை. ஆருக்கு மணி அடிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அதுகளுக்குத்தான்."

"பூனைக்கு என்னத்துக்கு மணி?"

"தம்பி, நீ தனிய இருக்கேக்கை மூக்கு நோண்டமாட்டியோ? அந்த நேரம் ஆராவது கதவைத் திறந்தா உனக்கு எப்பிடி இருக்கும்? அதுகளும் தனிய இருக்கேக்கை என்னென்ன செய்யுதுகளோ, எனக்குத் தெரியவேண்டாம். மணி கேட்டா எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு நல்ல பிள்ளையள் மாதிரி இருக்குங்கள்."

தனியே விட்ட மிருகங்கள் என்ன செய்யும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது. கொலைதான். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் பூனையும் கனேரிக் குருவியும் இருந்தன. ஒரு நாள் மணி அடித்து, கத்தி, நின்று, கதவைத் திறந்தார். கூடு நிலத்தில் சரிந்து கிடந்தது. மரத் தரையில் இரத்தம். குருவியில் மிஞ்சியது ஒரு கால் மட்டும். பூனை சோபாவில் ஏறியிருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. அதன் உதட்டில் மஞ்சள் இறகு ஒன்று ஒட்டியிருந்தது. அந்தக் காலைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மற்றக் கையில் பூனையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பார் தம்பி, கொலைகாறி! உன்னைத் துண்டு துண்டா வெட்டிப் பொரிக்கிறனோ இல்லையோ பார்!" என்று சொல்லிக்கொண்டே அதன் தாடையைத் தடவினார். பூனை கண்ணை மூடிக்கொண்டு குறுகுறுத்தது.

வீட்டுக்காரி பின்னேரம் வந்தபோது அக்கா எதையும் மறைக்கவில்லை. பூனையைக் காட்டி, "எல் மான்ஜே" என்றார். அவள் தின்றுவிட்டாள் என்று அர்த்தம். அக்காவுக்கு இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். சாப்பாடு, தண்ணீர், மூத்திரம், நோவு, நாளைக்கு. வீட்டுக்காரி அழுதாள். அக்காவும் கூட நின்று அழுதார்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவர் கைகள் முழுவதும் தழும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருந்தது. "உது ஃபொபூர் சேன்-தெனியிலை, நகைக்கடைக்கு மேலை இருந்த கிளி. உது மூலைவீட்டுச் சீயாமீஸ் பூனை. பேய் பிடிச்ச சாதி." இவ்வளவு கடி வாங்கிய அந்தக் கை திருப்பி ஒரு அடியும் அடித்ததை நான் கண்டதில்லை. அடித்தாலாவது அந்தக் கிளி திருந்தியிருக்கும் என்று நான் ஒருமுறை சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"என்ரை மனிசன் வாயே திறக்கமாட்டார், தம்பி. நல்ல அமைதியான ஆளெண்டு ஊர் முழுக்கச் சொல்லும். கைதான் பேசும். அந்த ஆளை விட்டிட்டு வந்த நாளிலையிருந்து நான் எல்லாத்தையும் வாயாலையே செய்து முடிக்கிறனான்."

சொல்லிவிட்டு எழும்பி, அடுத்த வீட்டுத் திறப்பைத் தேடத் தொடங்கினார். 

பள்ளிக்கூட விடுமுறையில் மகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் காட்டக் கூட்டிப்போனோம். வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் நாய்களும் பூனைகளும் வீட்டுக்குள் கூத்தடிக்கிற படம். அக்காவையும் கூட்டிப்போனது நான் செய்த முட்டாள்தனம். கூரையிலிருந்து விழுந்த பூனை அப்பளம்போலத் தட்டையாகி எழும்பி நடந்தது. தியேட்டர் முழுவதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா, "ஐயோ, முள்ளந்தண்டு போச்சு!" என்று கத்தினார். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு நாய்க்குப் பொரிக்கிற சட்டியால் தலையில் அடி விழுந்தது.

"உவ்வளவு அடி விழுந்திருக்கு, ஒரு துளி ரத்தம் இல்லையே!"

"அன்ரி, சே பூர் ரீர்!" என்றாள் மகள். சிரிக்கத்தானே, அன்ரி.

"அடி வாங்கிறவருக்கும் சிரிப்போ?"

 வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா அவளுக்குச் சரியான கதையைச் சொன்னார். கதவு பூட்டினவுடனே கிளி நீதவானாக இருந்து கோட்டுக் கூட்டும். பூனைமேல் வழக்கு. முதல் சாட்சி வெள்ளெலி. சாட்சி சொல்லி முடிவதற்குள் பூனை சாட்சியைத் தின்றுவிடும். சாட்சி இல்லாததால் வழக்குத் தள்ளுபடி. மகள் நடைபாதையில் குந்திவிட்டாள், சிரித்துச் சிரித்து நடக்க முடியவில்லை. பிள்ளை இரவில் பயப்படப் போகிறதே என்று எனக்குக் கவலை. அவள் நன்றாகத் தூங்கினாள். கனவில் வெள்ளெலியைக் கண்டவன் நான்தான்.

எதை வேண்டுமானாலும் சொல்லக்கூடிய அந்த வாய் சொல்ல மறுத்த சொல் ஒன்று இருந்தது.

நான்காம் மாடியில் ஓர் இளம் பிரெஞ்சுப் பெண் தனியாக இருந்தாள். அவளிடம் மண்ணிறத்தில் காது தொங்கும் சின்ன நாய் ஒன்று. பெயர் ஷூ. பிரெஞ்சில் அது முட்டைக்கோவா, கறி வைக்கிற மரக்கறி. செல்லமாகக் கூப்பிடவும் அதையே சொல்வார்கள், கண்ணே மணியே என்பதுபோல. ஆனால் எங்கள் காதில் அது சூ. நாயை ஒருவன்மேல் ஏவிவிடும்போது நாங்கள் சொல்கிற அதே சூ. ஒருநாள் அந்தப் பெண் மேலே நின்று "ஷூ! ஷூ!" என்று நாயைக் கூப்பிட்டாள். கடையிலிருந்து அரிசி கொண்டுவந்த எங்கள் ஆள் ஒருவர், தன்மேல்தான் ஏவிவிடுகிறாள் என்று நினைத்து, தோளிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். மூட்டை வெடித்துப் படிமுழுவதும் அரிசி.

"அந்தப் பேரை என்ரை வாயாலை சொல்லமாட்டன்," என்றார் அக்கா. "லாச்சப்பல் றோட்டிலை நிண்டு சூ சூ எண்டு கத்தினா எங்கடை சனம் என்னைத்தான் அடிச்சுக் கொல்லும்."

அவர் அதை 'டேய்' என்றே கூப்பிட்டார். அந்த நாயும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

பிறகு அந்தப் பெண்ணோடு ஒருவன் வந்து சேர்ந்தான். உயரமான, அதிகம் பேசாத ஆள். படியில் கண்டால் மெதுவாக வணக்கம் சொல்லுவான், பாரத்தோடு வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எல்லாரையும் சந்தேகப்படுகிற நான் அவனை மட்டும் நல்லவன் என்று நினைத்தேன்.

அவன் வந்த கொஞ்ச நாளில் நாய் நொண்டத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் ஒரு வெட்டு. கழுத்துப்பட்டியைத் தொட்டாலே மூத்திரம் போனது. அக்கா தன் பிரெஞ்சில் வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தார். நாயைக் காட்டி 'மால்' என்றார், நோகுது என்று. அதற்கு முன்பே அவன் அவளிடம் வேறொன்றைச் சொல்லிவிட்டான். நீ வேலைக்குப் போனபிறகு அந்தத் தமிழ்க்காரி நாயை அடிக்கிறாள், நான் படியில் வரும்போது சத்தம் கேட்டது என்று.

அவள் என் மகளைப் படியில் மறித்து, அந்த மடாம் என் நாயிடம் என்ன சொல்லுவா என்று கேட்டாளாம். மொழிபெயர்க்கக் கிடைத்த சந்தோசத்தில் மகள் ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறாள். தோலை உரிப்பேன் என்பார், கழுத்தைத் திருகுவேன் என்பார், நிறையத் தூள் போட்டுக் கறி வைப்பேன் என்பார்.

அன்று பின்னேரமே அவள் அக்காவின் கதவைத் தட்டினாள். மொழிக்காக என்னையும் கூப்பிட்டார்கள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. "என் நாயை அடிக்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் தமிழில் சொல்ல முதலே அக்காவுக்கு விளங்கிவிட்டது.  அந்த வாய் மூடியிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவள் தொடர்ந்து சொன்னாள். ஷூ இப்போது கடிக்கிறதாம். அவன் கையை ஒருமுறை கடித்துவிட்டதாம். இன்னொருமுறை கடித்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்துவிடுவேன் என்கிறானாம். திங்களிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

அவள் போனபிறகு அக்கா எங்கள் குசினியில் வந்து இருந்தார். மனைவி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"தம்பி, கொஞ்ச நாளா நான் மணி அடிச்சா உள்ளை ஏதோ டமாரெண்டு விழும். பிறகு அறைக்கதவு சாத்துற சத்தம் கேக்கும். நாய் ஏதோ விளையாடுது எண்டு நினைச்சன். நாய்க்குக் கதவு சாத்தத் தெரியுமோ?"

நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "அவன் பகலிலை வேலைக்கெல்லோ போறவன்?"

"போறனெண்டு சொல்லிப்போட்டு உள்ளைதான் கிடக்கிறான். நான் மணியை அடிச்சு அடிச்சு அவனுக்கு ஒளிக்க நேரம் குடுத்திருக்கிறன். இனி ஊசியைப் போட்டா முடிஞ்சுது. செத்த நாய் வாய் திறக்காது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாளைக்கு மணி அடிக்கமாட்டன். நீ வா."

"அக்கா, என்ரை விசா கார்த் புதுப்பிக்கக் குடுத்திருக்கு. பொலிஸ் எண்டு வந்தா..."

"நீ உள்ளை வரவேண்டாம். வாசல்லை நில். கண்ணை மட்டும் திறந்து வைச்சிரு."

நான் ரெஸ்ரோறண்டில் பாத்திரம் கழுவுகிறவன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே வீட்டுக்கு வந்து படுப்பேன். அடுத்தநாள் படுக்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் நான்காம் மாடிக்கு ஏறினேன். கழுத்துத் திறப்புகள் சத்தம் போடாமல் இருக்க அவர் அவற்றைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார். ஒன்றை மட்டும் எடுத்துப் பூட்டில் மெதுவாகத் திருப்பினார்.

கதவு திறந்ததும் முதலில் கேட்டது மூச்சு. நாய் குரைக்கவில்லை, அழவில்லை. சுவருக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் இடையில் செருகிக்கொண்டு மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டது. சுவரில், முழங்காலுக்குக் கீழே, இரத்தம் தெறித்திருந்தது. சில தெறிப்புகள் காய்ந்து கறுத்திருந்தன, சில புதிது. அவன் காலுறையோடு நின்றான். நாய்க்கயிற்றைக் கைமுட்டியில் சுற்றிப் பிடித்திருந்தான். இரும்புக் கொளுக்கி மறுமுனையில் தொங்கியது.

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். நிறுத்துவான் என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை ஓங்கி அடித்தான்.

"சூ!" என்று கத்தினார் அக்கா. "சூ! பிடி! பிடியடா அவனை! கடிச்சுக் கொல்லடா! சூ!"

நாய் தலையைத் தூக்கியது. அந்தச் சொல்லுக்கு அதன் வாழ்நாளில் ஒரே அர்த்தம்தான். வா, கண்ணே. அது குழாய் இடுக்கிலிருந்து வெளியே வந்தது. பின்காலை இழுத்துக்கொண்டு, அவனைத் தாண்டி, வாலை ஆட்டியபடி வந்து அக்காவின் பாதத்தில் படுத்து அவர் கணுக்காலை நக்கியது.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே கிட்ட வந்து, காலடியில் கிடந்த நாய்மேல் கொளுக்கியை ஓங்கினான்.

அக்கா அவன் கையை இரண்டு கைகளாலும் எட்டிப் பிடித்து, பெருவிரலுக்குக் கீழே இருந்த சதையில் வாயை வைத்தார். கடித்தார். அவன் போட்ட கூச்சல் தெருவுக்குக் கேட்டிருக்கும். மற்றக் கையால் அவர் தலையில் குத்தினான். திறப்புகள் கிலுங்கின. அவர் விடவில்லை. மறுபடியும் குத்தினான். விடவில்லை. வாசலில் நிற்கவேண்டிய நான் எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. அவன் குத்துகிற கையில் தொங்கினேன். முழங்கையால் என் மூக்கில் ஒன்று போட்டான். கண் இருண்டு, வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. ஆனாலும் நானும் விடவில்லை.

அக்கா வாயை எடுத்தபோது நாடி முழுவதும் சிவப்பு. கீழே துப்பினார். இரத்தத்தோடு அவருடைய முன்பல் ஒன்றும் விழுந்தது.

கீழ்வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பொலிஸ் வந்துவிட்டது. அவன் அதற்குள் கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றான். நாயைக் காட்டி, அமைதியாக, "மறுபடியும் கடித்துவிட்டது" என்றான். எல்லாரும் நாயைப் பார்த்தார்கள். அதன் வாயைச் சுற்றி இரத்தம். அதன் இரத்தம்தான், ஆனால் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

"நோ! நோ!" அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நாய் இல்லை! முவா! முவா!" நான், நான் என்று. கடிப்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார். "முவா மான்ஜே முசியே!"

நான்தான் இந்த ஐயாவைத் தின்றேன்.

பொலிஸ்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாயை அவர்களோடு வந்த பொலிஸ்காரி ஒருத்தி துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனாள்.

பொலிஸ் நிலையத்தில் என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சு படித்தது சட்டி கழுவுகிற இடத்தில். 

"அக்கா, உங்கடை குடியுரிமை மனு இன்னும் முடியாமல் கிடக்கு. ஆளைக் கடிச்சனெண்டு எழுதினா எல்லாம் போகும். தெரியாதெண்டு சொல்லுவமோ?" என்று காதுக்குள் கேட்டேன்.

"எழுதட்டும். நான் இல்லையெண்டா நாய்தான். நாயெண்டா ஊசி. நீ சொல்லு."

சொன்னேன். அதிகாரி அவனுடைய கையிலிருந்த துவாயை விலக்கிப் பார்த்தார். அக்காவை வாயைத் திறக்கச் சொன்னார். அக்கா நன்றாகத் திறந்து, உதட்டை விரலால் விரித்தும் காட்டினார். அதிகாரி கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த எதையோ தேடுகிறமாதிரிக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் சரியாக இருந்தது. மனிதக் கடி என்று எழுதினார். அந்த வரியால் அக்காவிடமிருந்து பிறகு பல திறப்புகள் திரும்பிப் போயின. கடிக்கிற ஆளிடம் எப்படிப் பூனையை விடுவது என்று கேட்டார்களாம்.

ஆனால் அதிகாரி எழுதி முடிக்கவில்லை.

"இவர் உள்ளே வந்ததும் நாயை என்மேல் ஏவிவிட்டார் என்று முசியே சொல்கிறார். அப்படி ஏதாவது சொன்னாரா?"

அக்காவிடம் கேட்டேன்.

"ஓம்! வேறை என்ன? அவனைக் கடிச்சுக் கொல்லச் சொல்லித்தான் சொன்னனான். சூ, சூ, பிடி எண்டு. அது விசர் நாய், கேக்கேல்லை. வடிவா எழுதச் சொல்லு!"

 நாயை ஆள்மேல் ஏவுவது கத்தி எடுப்பதுபோல என்று ரெஸ்ரோறண்டில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்காவும் போவார், நாயும் போகும். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னார்?"

"ஷூ என்று சொன்னார், ஐயா."

"ஷூவா?"

"நாயின் பெயர்."

"நாய் என்ன செய்தது?"

"வந்து அவர் காலடியில் படுத்தது. நக்கியது."

அவர் தலையாட்டிக்கொண்டே கணினியில் தட்டினார். பெண் நாயைச் செல்லமாக அழைத்தார், நாய் அமைதியாக வந்து படுத்தது. நான் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. இரண்டு மூன்று சொல் குறைவு, அவ்வளவுதான்.

அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நான் நீளமாச் சொன்னனான். நீ என்ன இத்தினூண்டு சொல்லுறாய்?"

"பிரெஞ்சு குறுகின பாசை, அக்கா."

நாய்க்கு ஊசி இல்லை என்று அதிகாரி சொன்னார். சொன்னதைத் தமிழில் இரண்டு தரம் திருப்பிச் சொன்னேன். அக்காவுக்குப் பிறகு கடிதம் வரும், கூப்பிடுவார்கள் என்றார். அவனை உள்ளேயே வைத்துக்கொண்டு எங்களை வெளியே விட்டார்கள்.

வெளியே படியில் அந்தப் பெண் இருந்தாள். வேலையிலிருந்து நேரே வைத்தியரிடம் போய், நாயையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தன் கோட்டைக் கழற்றி நாயைச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அதன் காலில் கட்டு. அக்காவைக் கண்டதும் மன்னிப்புக் கேட்க எழும்பினாள்.  நாயைத் தோளுக்குத் தூக்கும்போது அவள் சட்டைக்கை மேலே போனது.

அக்காவின் கண் அதில் நின்றது. தழும்பு நிறைந்த தன் கையால் அந்தச் சட்டைக்கையை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார். அடிபட்டுக் கன்றிய நீலம், மஞ்சள், நடுவில் கொளுக்கியின் வளைவு அப்படியே. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.  அக்கா சட்டைக்கையை மெதுவாகக் கீழே இழுத்து, மணிக்கட்டில் தெறிப் பொத்தானையும் பூட்டிவிட்டார். பிறகு தமிழில் பேசினார். பல் போன இடத்தால் காற்று ஊதியது.

"இனி எவனாவது உன்னிலை கை வைச்சா நேரை என்னட்டை வா, பிள்ளை. ஒரு பல்லுத்தான் போயிருக்கு. மிச்சம் முழுக்க வாய்க்குள்ளை கிடக்கு. குரல்வளையைக் கடிச்சுத் துப்புவன்."

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்?"

இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவள் நாயை இறுக்கிப் பிடித்தபடி, இரத்தம் காயாத அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.